மூக்குக்கு லேசர் பண்ணி ஒன்றரை வருஷம்: அடைப்பு போச்சு, அலர்ஜி போகல

2024 பொங்கல் லீவுல கோயமுத்தூர்ல ஒரு தனியார் ஈஎன்டி ஆஸ்பத்திரில ரெண்டு பக்க மூக்குலயும் உள்ள வீங்கின சதையைச் சுருக்க டையோடு லேசர் பண்ணிக்கிட்டேன். பண்ணின உடனே எழுதச் சொல்லி கூட வேலை பாக்குறவங்க ரெண்டு மூணு பேர் கேட்டாங்க, ஒரு ஐப்பசி மழையும் ஒரு மார்கழிப் பனியும் தாண்டட்டும், அப்பத்தான் உண்மை தெரியும்னு நிறுத்தி வச்சிருந்தேன். குறையும் சொல்லப் போறதால ஆஸ்பத்திரி பேரு போடல. அஞ்சுக்கு நாலு மார்க் குடுப்பேன், அந்த ஒண்ணை எதுக்குக் கொறைச்சேன்னு கீழ வரும்.

நான் திருப்பூர்ல பனியன் கம்பெனில பதினாலு வருஷமா செக்கிங் சூப்பர்வைசர். நாள் பூரா துணியை உதறி உதறிப் பாக்குற இடம், பஞ்சு பறந்துகிட்டே இருக்கும், சாயங்காலம் டேபிளுக்கு மேல தொங்குற டியூப்லைட்டை விரலால தொட்டா பொசுபொசுன்னு ஒட்டும். காலைல எந்திரிச்சதும் இருபது இருபத்தஞ்சு தும்மல், அது அடங்குறதுக்குள்ள கண்ணு செவந்து மூக்குலருந்து தண்ணி மாதிரி ஒழுகும். ராத்திரி அப்படியே மாறி அடைச்சுக்கும், வலது பக்கம் படுத்தா வலது அடைக்கும், இடது பக்கம் திரும்பினா கொஞ்ச நேரத்துல இடது அடைக்கும், கடைசில மல்லாந்து படுத்து வாயத் திறந்துகிட்டுத்தான் தூங்கணும், விடியக்காலைல நாக்கு காஞ்சு அண்ணத்துல ஒட்டியிருக்கும். குறட்டைச் சத்தத்துல பாப்பா முழிச்சுக்குதுன்னு வீட்டுக்காரி அவளைத் தூக்கிட்டு ஹால்ல போய்ப் படுத்தா. ஆறு வருஷம் இப்படியே போச்சு.

கேட்டவங்க எல்லாரும் "சைனஸ்"னாங்க. நானும் சைனஸ்னுதான் சொல்லிட்டுத் திரிஞ்சேன். அம்மா விரலி மஞ்சளை விளக்குல சுட்டு புகையைப் பிடிக்கச் சொல்லுவாங்க, நொச்சித்தழை போட்டு வேது பிடிக்கச் சொல்லுவாங்க, "தலைக்கு ஊத்திட்டு ஈரத்தோட நிக்காத கண்ணு"ன்னு துண்டோட பின்னாடியே வருவாங்க. வேது பிடிச்சா ஒரு மணி நேரம் நல்லா இருக்கும், அது பொய் இல்ல, ஆனா அவ்வளவுதான். சித்த மருத்துவர்கிட்டயும் போனேன், பீனிசம்னு, அதாவது மூக்கு நோய்னு சொல்லி சூரணம் குடுத்தாரு, ஆறு மாசம் சாப்பிட்டேன்.

நான் செஞ்ச பெரிய தப்பு அதுக்கு அப்புறம்தான். மெடிக்கல்ல கேட்டதுக்கு மூக்குல விடுற சைலோமெட்டாசோலின் டிராப்ஸ் குடுத்தாங்க. விட்ட அஞ்சாவது நிமிஷம் மூக்கு திறந்துக்கிச்சு, அப்படி ஒரு சுகத்தை வருஷக் கணக்கா அனுபவிக்காதவனுக்கு அது மருந்து இல்ல, வரம். அஞ்சு நாள், மிஞ்சிப் போனா ஒரு வாரத்துக்கு மேல அதைத் தொடர்ந்து விடக்கூடாதுன்னு யாரும் சொல்லல, நான் அட்டையைப் படிக்கவும் இல்ல. மூணு வருஷத்துக்குக் கிட்ட விட்டேன். மருந்தோட வேகம் எறங்க எறங்க உள்ள இருக்குற ரத்தக்குழாய் முன்ன விட அதிகமா வீங்கும், அதுக்கு மறுபடி சொட்டு விடணும், கடைசில எது அலர்ஜி அடைப்பு எது மருந்தால வந்த அடைப்புன்னே பிரிக்க முடியாத நிலைமை. சட்டைப் பையில பாட்டில் இல்லாம பஸ் ஏற மாட்டேன். இதைப் படிக்கிறவங்க கையில அப்படி ஒரு பாட்டில் மாசக் கணக்கா இருந்துச்சுன்னா லேசரைப் பத்தி யோசிக்கறதுக்கு முன்னாடி அதை டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, மறைக்காதீங்க.

முதல்ல பாத்த டாக்டர் வேற ஒரு ஆஸ்பத்திரி. டார்ச் அடிச்சு ரெண்டு நிமிஷம் பாத்தாரு, "மூக்குல சதை வளந்திருக்கு, எலும்பும் வளைஞ்சிருக்கு, ரெண்டையும் சேத்து ஆபரேஷன் பண்ணிடலாம், அடுத்த வாரம் அட்மிட் ஆயிடுங்க"ன்னாரு. எனக்கு என்னமோ மனசு ஒப்பல. இந்த "சதை வளர்ச்சி"ங்கற வார்த்தை நம்ம ஊர்ல மூணு விஷயத்துக்குச் சொல்றாங்க, இது எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சது. சின்னப் பசங்களுக்கு மூக்குக்குப் பின்னாடி இருக்குற அடினாய்டு வீங்கினாலும் சதை வளர்ச்சி. திராட்சை மாதிரி வழவழன்னு தொங்குற பாலிப்பும் சதை வளர்ச்சி. எனக்கு இருந்தது ரெண்டும் இல்ல, டர்பினேட் வீக்கம். டர்பினேட்டுங்கறது புதுசா வளர்ற சதையே இல்ல, எல்லாருக்கும் பிறவிலயே இருக்குற உறுப்பு, ஒவ்வொரு பக்கமும் மேல நடுல கீழன்னு மூணு இருக்கும், உள்ள மெல்லிசா எலும்பு, மேல ரத்தக்குழாய் நெறஞ்ச சவ்வு. நாம இழுக்குற காத்தைச் சூடாக்கி ஈரமாக்கி தூசியைப் பிடிச்சு நுரையீரலுக்கு அனுப்புற வேலை அதோடது. அலர்ஜில வீங்கறது முக்கியமா கீழ இருக்குற பெரிய டர்பினேட். இது மூணுக்கும் வைத்தியம் வேற வேற. அதனால யாராவது சதை வளந்திருக்குன்னு சொன்னா எந்தச் சதைன்னு கேளுங்க, கேக்குறதுல தப்பே இல்ல.

ரெண்டாவதா போன இடம்தான் லேசர் பண்ணின ஆஸ்பத்திரி. அங்க பாத்தவரு வயசான டாக்டர், என்னை தம்பின்னுதான் கூப்பிடுவாரு. முழுசா இருபத்தஞ்சு நிமிஷம் உக்கார வச்சுப் பேசினாரு. அவர் கேட்ட முதல் கேள்வி, "வீட்ல மெத்தைக்கு எத்தனை வயசு தம்பி?" கல்யாணத்துக்கு மாமனார் வீட்ல குடுத்த இலவம்பஞ்சு மெத்தை, பன்னெண்டு வருஷம்னேன். எழுதிக்கிட்டாரு. அடுத்து நான் ஒரு வருஷமா அடிச்சிட்டிருந்த, மூக்கு வீக்கத்தைக் கொறைக்கற ஸ்டீராய்டு ஸ்ப்ரேயைப் பையில இருந்து எடுத்து எப்படி அடிக்கிறேன்னு அடிச்சுக் காட்டச் சொன்னாரு. நான் தலையை அண்ணாந்து நேரா மேல பாத்து அடிச்சு சர்ர்னு உறிஞ்சினேன். "மருந்து பூரா தொண்டைக்குப் போயிடுச்சு, ஒரு வருஷமா மூக்குக்கு வைத்தியமே நடக்கல"ன்னாரு. தலையைக் கொஞ்சம் குனிஞ்சுக்கணும், இடது மூக்குக்கு வலது கையால, வலது மூக்குக்கு இடது கையால அடிக்கணும், முனை ரெண்டு மூக்கையும் பிரிக்கற நடுத்தண்டைப் பாக்காம அந்தந்தப் பக்கத்துக் காதைப் பாத்து இருக்கணும், அடிச்சுட்டு பலமா உறிஞ்சக்கூடாது, தெனமும் அடிச்சாத்தான் ரெண்டு வாரத்துல வேலை முழுசா தெரியும். மருந்து கேக்கலன்னு நான் முடிவு பண்ணி வச்சிருந்தேன், மருந்தை நான் மூக்குக்குள்ள சேத்ததே இல்லங்கறது அன்னிக்குத்தான் புரிஞ்சது.

அலர்ஜி டெஸ்ட்டுக்கு ஒரு வாரம் முன்னாடியே தும்மல் மாத்திரையை நிறுத்தச் சொன்னாங்க, இல்லன்னா தோல்ல ஒண்ணும் காட்டாதாம். முழங்கைக்குக் கீழ உள்பக்கமா பேனாவால வரிசையா நம்பர் போட்டு, ஒவ்வொண்ணுக்குப் பக்கத்துல ஒரு சொட்டு, சொட்டு மேல ஒரு சின்னக் குத்து. பதினஞ்சு நிமிஷம் சொறியாம உக்காரணும், அதுதான் கஷ்டம். ஒப்பிட்டுப் பாக்க வெறும் உப்புத்தண்ணி வச்ச இடம் அப்படியே இருந்துச்சு, யாருக்கும் தடிக்கற ஹிஸ்டமின் வச்ச இடம் கொசு கடிச்ச மாதிரி எழும்புச்சு, டஸ்ட் மைட், அதாவது மெத்தைத் தூசியில வாழுற கண்ணுக்குத் தெரியாத பூச்சி, அது வச்ச இடம் அதை விடப் பெருசா ஓரமெல்லாம் செவந்து 7 மில்லிமீட்டர், கரப்பான் 4 மில்லிமீட்டர். 3 இருந்தாலே பாசிட்டிவ்னு எடுத்துக்குவாங்களாம். நான் இத்தனை வருஷமா ரோட்டோரத்துல இருக்குற பார்த்தீனியம் செடியைத் திட்டிட்டு இருந்தேன், அதுக்கு ஒண்ணுமே வரல. கம்பெனி பஞ்சைப் பத்திக் கேட்டேன், அது அலர்ஜிங்கறதை விட எரிச்சல் குடுக்குற தூசி, ஏற்கனவே வீங்கின மூக்கை இன்னும் கிளப்பி விடும்னு சொன்னாரு.

உடனே லேசர்னு சொல்லல, இது எனக்கு அவர் மேல நம்பிக்கை வந்த இடம். மூணு மாசம் ஒழுங்கா ஸ்ப்ரே, மூக்கு கழுவறது, மெத்தையை மாத்தறது, தலையணை உறை போர்வை எல்லாம் வாரம் ஒரு தடவை 60 டிகிரி சுடுதண்ணில துவைக்கறது. சொட்டு மருந்தையும் அந்த மூணு மாசத்துலதான் நிறுத்தினேன், முதல்ல ஒரு பக்க மூக்குக்கு மட்டும் நிறுத்தச் சொன்னாரு, அது பழகினதும் அடுத்த பக்கம். முதல் பத்து நாள் ராத்திரி நரகம். ஆனா ஒரு பக்கமாவது காத்து வருதுங்கற தைரியத்துல தாண்டிட்டேன். மூணு மாசத்துல தும்மல் பாதியாச்சு, ஒழுகறதும் கொறைஞ்சது, ராத்திரி அடைப்பு மட்டும் அசையல.

அப்புறம் ஸ்கோப் விட்டுப் பாத்தாங்க. டிவில என் மூக்கை நானே பாத்தேன், கீழ் டர்பினேட் வெளிறிப்போய் உப்பி நடுத்தண்டுல போய் இடிச்சுக்கிட்டு நின்னுச்சு, பேப்பர் நுழையற சந்து கூட இல்ல. அந்தச் சவ்வைச் சுருக்குற மருந்து நனைச்ச பஞ்சை வச்சு பத்து நிமிஷம் கழிச்சு மறுபடி பாத்தாரு. இப்ப நல்லா சுருங்கி வழி தெரிஞ்சது. இதைக் காட்டித்தான் விளக்கினாரு, மருந்துக்குச் சுருங்குதுன்னா வீங்கியிருக்கறது சவ்வு, அப்ப லேசர் வேலை செய்ய வாய்ப்பு அதிகம், சுருங்கலன்னா எலும்பே பெருசு, அதுக்கு லேசர் போதாது. நடுத்தண்டு வளைவு எனக்கு லேசாத்தான் இருந்துச்சு, சிடி ஸ்கேன்லயும் அப்படித்தான் வந்துச்சு, சைனஸ் அறை எல்லாம் சுத்தமா இருந்துச்சு. ஆறு வருஷமா சைனஸ்னு சொன்னது சைனஸே இல்ல.

"தம்பி, லேசர் வீங்கின சதையைச் சுருக்கும். தூசி பட்டா தும்மணும்னு உங்க உடம்பு முடிவு பண்ணி வச்சிருக்கு பாருங்க, அதை லேசர் தொடாது." இதை ரெண்டு தடவை சொன்னாரு, ரெண்டாவது தடவை வீட்டுக்காரியைப் பாத்துச் சொன்னாரு. லேசர் பட்ட இடம் ஆறி தழும்பாகறதால தும்மலும் ஒழுகறதும் ஓரளவு கொறையலாம், எவ்வளவுன்னு வாக்கு குடுக்க முடியாது, ஒண்ணு ரெண்டு வருஷத்துல சிலருக்குத் திரும்ப வீங்கும், வேணும்னா மறுபடி பண்ணலாம்னாரு. ஜப்பான்ல பிப்ரவரி வாக்குல சுகி மரத்து மகரந்தம் பறக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே இந்த லேசரைப் பண்ணிக்கிட்டு அந்த சீசனைத் தாண்டற வழக்கம் உண்டாம், அங்க இதை வந்து பண்ணிட்டு வீட்டுக்குப் போற சின்ன சிகிச்சையாத்தான் பாக்குறாங்க.

நான் நெட்டுல படிச்சுப் பயந்து போய் "எம்ப்டி நோஸ்" பத்திக் கேட்டேன். மூக்குக்குள்ள இடம் தாராளமா இருந்தும் மூச்சே வராத மாதிரி தோணுமாம், அப்படி ஒரு கஷ்டம். அது டர்பினேட்டை வேரோட அல்லது ரொம்ப அதிகமா எடுத்துட்டா வர்ற பிரச்சினை, காத்து படறது தெரியறதே அந்தச் சவ்வாலதான், அதனாலதான் நான் கோடு கோடாத்தான் சுடுவேன், நடுல நல்ல சவ்வை விட்டு வைப்பேன், கொறைச்சலா பண்ணினா அப்புறம் சேத்துக்கலாம், அதிகமா பண்ணினா திருப்பி வைக்க முடியாதுன்னாரு. இதைக் கேட்டதும்தான் சரின்னு சொன்னேன். வேற வழிகளையும் சொன்னாரு, ரேடியோ அலைச் சூட்டால சதையைச் சுருக்குற ரேடியோ ஃப்ரீக்வென்சி, அதையே கம்மி சூட்டுல பண்ற கோப்ளேஷன், சவ்வை மேல விட்டுட்டு உள்ள மட்டும் சுரண்டி எடுக்குற டர்பினோபிளாஸ்டி, தண்ணி ஒழுகறதே பெரும் பிரச்சினையா இருக்குறவங்களுக்கு மூக்கோட பின்னாடி போற நரம்பை வெட்டறது. லேசர்லயே பல வகை இருக்கு. கார்பன் டை ஆக்சைடு லேசர் தண்ணியில பிடிச்சுக்கறதால மேலாப்புல மட்டும் சுடும், கேடிபி பச்சை லேசர் ரத்தத்துல பிடிச்சுக்கும், இவங்ககிட்ட இருந்தது 980 நானோமீட்டர் டையோடு, மெல்லிசான கண்ணாடி இழை வழியா உள்ள போகும், ரத்தக்கசிவும் கம்மி.

அன்னிக்கு காலைல எட்டரைக்கு வரச் சொன்னாங்க, லேசா இட்லி சாப்பிட்டுட்டே வாங்கன்னாங்க, மயக்க மருந்து இல்லையே. மரத்துப் போற மருந்து நனைச்ச பஞ்சுத்துணியை நீளமா உள்ள திணிச்சு அரை மணி நேரம் உக்கார வச்சாங்க. தொண்டைக்குக் கசப்பா எறங்கும், பல்லு உதடு எல்லாம் மரமரன்னு ஆயிடும், அட்ரினலின் கலந்திருக்கறதால நெஞ்சு கொஞ்சம் படபடன்னு அடிச்சுது, நர்ஸம்மா முன்கூட்டியே சொல்லியிருந்ததால பயப்படல. அப்புறம் நாற்காலியைச் சாய்ச்சு கண்ணு மேல ஈரத்துணி வச்சுக் கட்டினாங்க, ரூம்ல இருந்த எல்லாரும் கண்ணாடி மாட்டிக்கிட்டாங்க. மூக்கால மூச்சு இழுக்காதீங்க, வாயாலயே விடுங்கன்னு சொல்லிட்டே இருந்தாங்க. வலி இல்ல. ஆனா வாசம் இருக்கு. நாட்டுக்கோழியை நெருப்புல வாட்டும்போது ரோமம் பொசுங்குமே, அதே வாசம், அது நம்ம மூக்குக்குள்ளருந்தே வரும். பக்கத்துல ஒரு குழாய் புகையை உறிஞ்சிக்கிட்டே இருந்தாலும் வரத்தான் செய்யும். பின்னாடி போகப் போக ரெண்டு எடத்துல சுருக்னு மேல் பல்லுக்கு இழுத்துச்சு, கையைத் தூக்கினேன், உடனே நிறுத்தி மறுபடி பஞ்சு வச்சாரு. ஒரு பக்கத்துக்கு ஏழெட்டு நிமிஷம். மூக்குல பேக்கிங் எதுவும் வைக்கல. ரெண்டு மணி நேரம் உக்கார வச்சுட்டு அனுப்பிட்டாங்க.

இப்ப குறைக்கு வர்றேன். ரிசப்ஷன்லயும் கவுன்சிலிங் பண்ணின அந்தத் தம்பியும் "அடுத்த நாளே வேலைக்குப் போலாம் சார்"னு சொன்னாங்க. அது நடக்கவே நடக்காது. முதல் ரெண்டு நாள் நல்லாத்தான் இருக்கும், மூணாவது நாள்ளருந்து சுட்ட இடம் வீங்கி, மேல பொருக்கு கட்டி, மூக்கு முன்ன இருந்ததை விட மோசமா அடைச்சுக்கும். எனக்கு பத்து நாள் அப்படி இருந்துச்சு. லேசரே தப்பாப் போச்சோன்னு அஞ்சாவது நாள் அழுகையே வந்துடுச்சு. இப்படி ஆகறது இயல்புதான்னு ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தா அந்த பயம் இருந்திருக்காது. பேப்பர்ல எழுதியிருக்கு சார்னாங்க, ஆமா எழுதியிருக்கு, பூரா இங்கிலீஷ்ல. எங்க கம்பெனி தையல் செக்ஷன்ல இருக்குற அக்காங்க யாராவது இதே லேசருக்கு வந்தா அந்தப் பேப்பரை வச்சு என்ன பண்ணுவாங்க? கோயமுத்தூர்ல இருக்குற ஆஸ்பத்திரில தமிழ்ல ஒரு பக்கம் அடிச்சுக் குடுக்க என்ன செலவு ஆயிடப் போகுது. இதுக்குத்தான் அந்த ஒரு மார்க்கைக் கொறைச்சேன். நான் எட்டு நாள் லீவு போட்டேன், அதுக்கப்புறம் மாஸ்க்கோட வேலைக்குப் போனேன். தூசி இருக்குற இடத்துல வேலைன்னா பத்து நாளாவது கேட்டு வாங்கிக்கங்க.

நாலாவது நாள் ராத்திரி பதினொண்ணரைக்கு வலது மூக்குல ரத்தம் வந்துச்சு. வீட்டுக்காரி தலையை அண்ணாந்து வைங்கங்கறா, நான் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன், ரெண்டாவது ரிங்குல எடுத்தாங்க. டியூட்டி டாக்டர் பொண்ணு, சின்ன வயசுக் குரல், கொஞ்சமும் பதறல. "முன்னாடி குனிஞ்சு உக்காருங்கண்ணா, எலும்புக்குக் கீழ மெத்துன்னு இருக்குற இடத்தை ரெண்டு விரலால இறுக்கிப் பிடிங்க, பத்து நிமிஷம் நடுல எடுத்துப் பாக்காதீங்க, வாயில வர்ற ரத்தத்தை முழுங்காம துப்பிடுங்க, நான் லைன்லயே இருக்கேன்"ன்னாங்க. சொன்ன மாதிரி லைன்லயே இருந்தாங்க. நின்னுடுச்சு. நிக்கலன்னா கிளம்பி வந்துடுங்க, வண்டி இருக்கான்னும் கேட்டாங்க. அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் நாலு மார்க்.

பொருக்கை நாமளே நோண்டக்கூடாது, மூக்கைச் சிந்தக்கூடாது, தும்மல் வந்தா வாயைத் திறந்து தும்மணும். உப்புத்தண்ணில தெனமும் மூணு நாலு தடவை கழுவணும், இதுதான் ஆறறதுக்கு முக்கியம். கொதிக்க வச்சு ஆறின தண்ணி கால் லிட்டருக்கு அரை டீஸ்பூன் உப்பு, ஒரு சிட்டிகை ஆப்பசோடா. கொதிக்க வைக்காத கெணத்துத்தண்ணி, போர் தண்ணி, பைப் தண்ணி எதையும் மூக்குக்குள்ள விடாதீங்க, கேரளாவுல மூளைக்குப் போற அமீபா நோய் வந்ததை நியூஸ்ல பாத்திருப்பீங்க, அது மூக்கு வழியாத்தான் போகுது. ஒன்பதாவது நாள் போனப்ப டாக்டர் சின்ன இடுக்கியால ஒரு பொருக்கை எடுத்தாரு, என் சுண்டுவிரல் நகத்தை விட நீளம், பழுப்பு கலந்த கருப்பு நிறம். எடுத்த அந்த நொடி காத்து உள்ள போச்சு, சில்லுன்னு கண்ணுக்குக் கீழ வரைக்கும் தெரிஞ்சது. இந்த மாதிரி மூணு தடவை கிளீனிங், ஒவ்வொண்ணுக்கும் 800 ரூபாய். பேக்கேஜ்ல சேந்ததுன்னு நான் நினைச்சிருந்தேன், சேரலை. முன்னாடியே கேட்டுக்கங்க.

காசு விவரம் கேப்பீங்க. எனக்கு ரெண்டு பக்கமும் சேத்து லேசருக்கு 32,000, அலர்ஜி டெஸ்ட் 4,500, சிடி ஸ்கேன் 3,200, ஸ்கோப் 1,500, கன்சல்டேஷன் மூணு தடவைக்கு 2,100, கிளீனிங் 2,400, ஆக 45,700. சம்பளம் 21,000 தாண்டினதால எனக்கு அப்ப இஎஸ்ஐ கிடையாது. கம்பெனி எடுத்துக் குடுத்த இன்சூரன்ஸ்ல, அட்மிஷன் இல்லாத ஓபி சிகிச்சைன்னு முதல்ல திருப்பி அனுப்பிட்டாங்க. மாத்திரை ஸ்ப்ரே எத்தனை மாசம் எடுத்தேன், எதுக்கு லேசர் தேவைப்பட்டுச்சுன்னு டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கி, ஸ்கோப் போட்டோவையும் வச்சு, டே கேர் சிகிச்சைன்னு மறுபடி அனுப்பினேன், நாலு மாசம் கழிச்சு 24,000 வந்துச்சு. பண்றதுக்கு முன்னாடியே அப்ரூவல் கேட்டிருந்தா அந்த அலைச்சல் மிச்சம். கையில காசு இல்லாதவங்க கோவை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி ஈஎன்டி ஓபில ஒரு தடவை காட்டிட்டு முடிவெடுங்க.

மூணாவது வாரம் ஒரு ராத்திரி பத்தரைக்குப் படுத்தவன் காலைல அலாரம் அடிச்சுத்தான் எந்திரிச்சேன். வாய் மூடியிருந்துச்சு. நாக்குல ஈரம் இருந்துச்சு. பாப்பாவும் அவங்கம்மாவும் ஹால்லருந்து திரும்ப ரூமுக்கு வந்து ஒன்றரை வருஷமா அங்கதான் தூங்குறாங்க. தும்மல் இருபத்தஞ்சு இருந்தது இப்ப காலைல ஆறேழு. ஒழுகறது முழுசா நிக்கல, பழைய துணி மூட்டையைப் பிரிச்சா இப்பவும் வரும். ஒரு பக்கம் மூக்கு கொஞ்சம் அடைச்சு, சில மணி நேரத்துல அது திறந்து அடுத்த பக்கம் அடைக்கறதைப் பாத்து திரும்ப வந்துடுச்சோன்னு பயந்து ஓடினேன், அது எல்லா மனுசனுக்கும் நடக்கறது, மூக்கு ஷிஃப்ட் போட்டு வேலை பாக்கும்னு சொல்லி அனுப்பிட்டாரு. 1895லயே கைசர்னு ஒரு ஜெர்மன் மருத்துவர் இதை எழுதி வச்சிருக்காராம்.

2024 நவம்பர்ல மழை பிடிச்சு பதினஞ்சு நாள் விடாம வீடு பூரா ஈர வாசம் அடிச்சப்ப இடது பக்கம் மட்டும் மறுபடி அடைக்க ஆரம்பிச்சது. ஸ்கோப்ல பாத்தா கொஞ்சம் வீக்கம், முன்ன இருந்ததுல கால்வாசி கூட இல்ல. மறுபடி லேசரான்னு கேட்டேன், வேண்டாம்னு ஸ்ப்ரேயை ஒரு மாசம் தெனமும் அடிக்கச் சொன்னாரு, அடங்கிடுச்சு. முன்னெல்லாம் ஸ்ப்ரே அடிச்சா போய்ச் சேர வழியே இல்ல, இப்ப வழி இருக்கறதால மருந்து வேலை செய்யுது, என் அனுபவத்துல லேசரோட பெரிய பலனே இதுதான். அலர்ஜிக்குன்னு தனியா 2024 ஜூலைலருந்து டஸ்ட் மைட்டுக்கு உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமா பழக்குற, நாக்குக்கு அடியில விடுற இம்யூனோதெரபி சொட்டு எடுக்கறேன், கொறைஞ்சது மூணு வருஷம் விடாம எடுக்கணும். தும்மல் கொறைஞ்சதுல அதுக்கும் பங்கு இருக்கும், லேசருக்கு மட்டும் அந்தப் பேரைக் குடுக்க மாட்டேன்.

போறவங்களுக்கு ஒண்ணு, கூட ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போங்க, பண்ணிட்டு வரும்போது பஸ் வேண்டாம், நான் கார் வச்சுத்தான் வந்தேன், அவினாசி ரோட்டுப் புகையில ஜன்னலைச் சாத்திட்டு வந்தும் கண்ணுல தண்ணி நிக்கல. பல்லு கூசுறது ஒரு வாரம் இருக்கும், சூடா காரமா எதுவும் வேண்டாம், வீட்ல ரசஞ்சோத்தை ஆற வச்சுக் குடுக்கச் சொல்லுங்க. மழைக்காலம் முடிஞ்சு தை மாசத்துல பண்ணினது எனக்கு நல்லதாப் போச்சு, ஆறறதுக்கு ரெண்டு மாசம் காய்ஞ்ச வெயில் கிடைச்சது.